வெள்ளைத் தட்டில் மஞ்சள் துகள்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வீடுகளில் ஆட்டிறைச்சி வேகும் வாசம் வரும். எங்கள் வீட்டிலும் வரும், ஆனால் பெட்ரோல் வாசத்துக்குப் பிறகுதான்.

அன்றைக்கு நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, இன்னும் சில மாதங்கள் இருந்தன என்று நினைக்கிறேன். சரியான தேதி கேட்டு யாரும் எழுதாதீர்கள். போன வாரக் கட்டுரையில் வந்த வெள்ளம் எந்த வருஷத்து வெள்ளம் என்று கேட்டு எழுதிய வாசகருக்கும் இதே பதில்தான். எனக்கு வாசம் நினைவிருக்கும், நிறம் நினைவிருக்கும், யார் என்ன சொன்னார்கள் என்பது நன்றாகவே நினைவிருக்கும். தேதி நிற்காது.

காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டின் பின்புறம், கிணற்றுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பழைய பால்மாவு டின், அதில் கால்வாசி பெட்ரோல். அதற்குள் தன் மோட்டார் சைக்கிளின் பில்டரை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிலருக்கு மாங்காய் கேட்கும், சிலருக்குச் சாம்பல் கேட்கும். எனக்குப் பெட்ரோல் வாசம் கேட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

கழுவி முடித்ததும் அந்தப் பெட்ரோலை வெள்ளை மங்குத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தார். என் கல்யாணச் சீரில் வந்த தட்டு, ஓரத்தில் நீலக்கோடு போட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் பறந்துவிட்டது. அவர் தட்டைக் கையில் எடுத்து, தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தார்.

“பளிச்சுனு இருக்கு, சரோ. ஒரு தூசி இல்ல.”

நான் எட்டிப் பார்த்தேன். தட்டின் நடுவில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சிந்தியது போலப் பொடிப்பொடியாக மின்னியது.

“மஞ்சளா என்னமோ மின்னுதுங்களே?”

“வெயில் பட்டு மின்னுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிழியக் கூடாத துணி

அந்தப் பில்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது புரியாது. உள்ளங்கை நீளத்தில் ஒரு கம்பிவலைக் குழாய், அதன் மேல் சட்டை போட்டது போலத் தடித்த கம்பளித் துணி, அவ்வளவுதான். எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெய் எல்லாம் அந்தத் துணி வழியாகத்தான் போக வேண்டும். அழுக்கு துணியில் தங்கிவிடும். இந்தக் காலத்துச் சாமான் போலத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதில்லை. கோப்பிக்கடையில் துணி வடிகட்டியை அலசி அலசி மாதக்கணக்கில் ஓட்டுவார்களே, அந்த மாதிரி கழுவிக் கழுவித் திரும்ப மாட்டுவது.

ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். இவருக்கு அது போதாது. ஞாயிறு தவறாமல் கழுவுவார். கழுவியதை ஈரத்தோடு மாட்ட மாட்டார், ஓர் இரவு காய விடுவார். கல்யாணமான புதிதில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் அதை ஈரச்சட்டையைப் பிழிவது போல முறுக்கிப் பிழிந்துவிட்டேன். துணி இழை பிரிந்துவிடுமாம். மனிதர் அரைநாள் என்னோடு பேசவில்லை.

பிறகு அவரே மனமிரங்கிச் சொல்லிக் கொடுத்தார். மற்ற பெண்களைப் புருஷன்மார் படத்துக்கு அழைத்துப் போன காலத்தில் நான் பின்கட்டில் உட்கார்ந்து அழுக்கு பார்க்கக் கற்றுக்கொண்டேன். தட்டில் கறுப்பாகத் தங்கினால் கரி, கவலை இல்லை. மஞ்சளாக மின்னினால் எஞ்சினுக்குள் பித்தளை தேய்கிறது, உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகிக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் ரோட்டில் கிடப்பார்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர்தான் அன்றைக்கு வெயில் மின்னுகிறது என்றார்.

கொடியில் காய்ந்த கெபாயா

அவர் பெயர் ராமலிங்கம். அப்போதெல்லாம் நான் வாயால் சொன்னதில்லை, எழுதினால் குற்றமில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன். மருத்துவ இலாகாவில் வேலை. தோட்டங்களிலும் கம்போங் எனும் மலாய்க் கிராமங்களிலும் இருந்த சிறு மருந்தகங்களுக்கு டவுனிலிருந்து மருந்துப் பெட்டிகளை எடுத்துப் போய்க் கொடுப்பார். வண்டி அவருடைய சொந்த வண்டி. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது.

துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இலாகாவில் ஏழெட்டு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிறது, அதில் இவர் பெயரும் உண்டு என்று தலைமைக் குமாஸ்தா சொல்லியிருந்தார். நிரந்தரமானால் கோட்டர்ஸ் வீடு கிடைக்கும். பிள்ளை பிறக்கும்போது எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கும் என்று நான் அந்த வீட்டுச் சன்னலுக்குத் திரைத்துணிகூடத் தைத்து வைத்துவிட்டேன். வீட்டைப் பார்த்ததுகூட இல்லை, சன்னல் அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

நாங்கள் இருந்தது மீனாச்சி மக்சிக்கின் வீட்டில் ஒரு பாதி. மக்சிக் என்றால் மலாயில் அத்தை. அவர் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வம்சத்துக்காரர். மாரியம்மனைக் கும்பிடுவார், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார், பேர் மீனாச்சி, ஆனால் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. பேச்செல்லாம் அவர்களுடைய மலாய். சாரோங்கும் கெபாயா என்கிற மேல்சட்டையும்தான் உடுப்பு. நான் அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன், சிரிப்பை மட்டும் என்னால் தர முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் அவர் வேலியருகே என்னைக் கூப்பிட்டார்.

“அலாமாக், சரோ! உன் புருஷன் தினமும் காலையில என் கெபாயாவுக்குத் தாபேன்னு கும்பிடு போட்டுட்டுப் போறாரு.”

“எந்தக் கெபாயாவுக்கு?”

“கொடியில காயுதே, அதுக்கு! நான் இந்தப் பக்கம் வாசல்ல நிக்கிறேன், என்னைப் பார்க்கல. அது என்னைவிட அழகா இருக்கு போல.”

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூன்று நாள் நான் இதைச் சொல்லி என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். இன்றைக்கு நினைத்தால் அந்த மூன்று நாளுக்காக என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தெங்கேராவுக்குப் போன தட்டு

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தேன். வழியில் இரண்டு பேர் என்ன பலகாரம் என்று கேட்டார்கள். முறுக்கு என்று சொல்லிவிட்டேன்.

தெங்கேராவில் ஆ கிம் பட்டறை வைத்திருந்தார். கடல் சேற்று வாசமும் கிரீஸ் வாசமும் சேர்ந்து அடிக்கும் இடம். எங்கள் வண்டி எங்கே பழுதானாலும் அவரிடம்தான் போகும். தட்டைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

“தெம்பாகா, தங்காச்சி! தா போலே ஜாலான்!” என்றார். பித்தளை, வண்டியை இனி ஓட்டக்கூடாது என்று அர்த்தம். பிறகு அவரே சந்தேகத்தோடு, “லிங்கம் பார்க்கலையா? இதைச் சின்னப் பிள்ளையும் பார்த்துச் சொல்லுமே” என்று மலாயில் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் திரும்பி வரும் வழி முழுக்க வெயில் தெரியவில்லை. பார்த்திருக்கிறார். பார்த்தும் பொய் சொல்லியிருக்கிறார். வண்டியைப் பட்டறையில் விட்டால் வேலைக்குப் போக முடியாது, பட்டியல் வருகிற நேரத்தில் லீவு எடுக்க முடியாது, அதனால் எஞ்சினை எப்படியோ இழுத்துக்கொண்டு ஓட்டப் பார்க்கிறார். சரி, ஓட்டட்டும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் என்னையும் வயிற்றில் இருப்பதையும் பின்னால் உட்கார வைத்தல்லவா கோயிலுக்கு ஓட்டுகிறார்!

அன்று முழுக்க நான் பேசவில்லை. அவர் ஏனென்று கேட்கவும் இல்லை. அந்த மனிதரின் பொறுமைமேல் எனக்கு அப்போது அப்படி ஒரு எரிச்சல்.

மேசை மேல்

மறுநாள் காலை. அவர் காக்கிச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டார். வண்டியின் எண்ணெய்த் தொட்டி மூடி ஏற்கெனவே கழற்றியிருந்தது. பில்டரை மாட்டினால் கிளம்ப வேண்டியதுதான்.

“சரோ, பில்டரை எங்க வச்ச?”

நான் எங்கும் ஒளித்து வைக்கவில்லை. அவர் காய வைத்த இடத்திலிருந்து தட்டை மட்டும் எடுத்துப் போனபோது, பில்டரைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்திருந்தேன். கறுத்த மரமேசை. எண்ணெய் ஊறிக் கறுத்த பில்டர். மேசைக்கு ஒரு முழத் தூரத்தில்தான் அவர் நின்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். கண் இருக்கிறதல்லவா, எடுத்துக்கொள்ளட்டும்.

அவர் சன்னல் கட்டையில் பார்த்தார். கண்ணால் அல்ல, கையால். கட்டை மேல் உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டு போனார். பிறகு முக்காலி. பிறகு தண்ணீர்க் குடத்தின் மூடி. எதையும் தட்டிவிடாமல், சத்தமில்லாமல், பழகிய கை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேசைக்கு வந்தார். கை பில்டருக்கு ஒரு விரல் தள்ளிப் போனது. திரும்பி வந்தது. இம்முறை விரல் நுனி பட்டு அது உருண்டு கீழே விழுந்தது.

அவர் அசையாமல் நின்றார். அது உருண்டு நிற்கும் சத்தத்தைக் கேட்டார். பிறகு குனிந்து, சத்தம் நின்ற இடத்தில் கையை வைத்து எடுத்தார்.

கெபாயாவும், வெயில் மின்னுகிறது என்றதும், சில மாதமாக “நீ வாசிச்சாத்தான் நல்லாருக்கு” என்று பேப்பரை என்னிடம் தந்ததும், எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் வந்து விழுந்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னங்க,” என்றேன். “எவ்வளவு நாளா?”

அவர் மறைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போன தீபாவளிக்கு அப்புறம். நேராப் பார்த்தா நடுவுல புகை மாதிரி இருக்கு. ஓரத்துல எல்லாம் தெரியுது. அத வச்சுத்தான் ஓட்டுறேன்.”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“பத்துமலைக் கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அப்ப கோலாலம்பூர்ல காட்டுனேன். நரம்பாம். மருந்து கிடையாதாம். இன்னும் மங்கலாம், இப்படியே நின்னாலும் நிக்கலாம்னாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து கூச்சப்படுகிற மனிதர் அவர். சில மாதமாக என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்துப் பேசுவதும் கூச்சம்தான் என்று நான் நினைத்திருந்தேன். அதையும் கேட்டேன்.

“காதைப் பார்த்தாத்தான் உன் முகம் ஓரமாத் தெரியுது. நேராப் பார்த்தா மறைஞ்சுடுது.”

அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் சண்டை பிடித்தேன். ஏன் சொல்லவில்லை, நான் என்ன வேற்று ஆளா என்றெல்லாம் கத்தினேன். அவர் கெஞ்சினார். “ஒரே ஒரு மாசம் பொறு, சரோ. பட்டியல் வந்துடட்டும். நிரந்தரமாயிட்டா வேற வேலை கேட்டு மாத்திக்கிறேன். இப்பச் சொன்னா பேர அடிச்சுடுவாங்க. வர்ற பிள்ளையை நினைச்சுப் பாரு.”

நான் அந்தப் பிள்ளையையும் நினைத்தேன், திரைத்துணியையும் நினைத்தேன். ஒரு மாதம்தானே என்று என் வாய்வரை வந்துவிட்டது. இதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

“நீங்க போற வழியில, செங் பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரோட்டைக் கடக்குமே,” என்றேன். “அதுல ஒன்னு உங்க புகைக்குள்ள வந்தா?”

நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த பில்டரை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். வெளுத்த வாயில் துணிச் சேலை. எண்ணெய்க் கறை கடைசிவரை போகவில்லை.

“இது இல்லாம எடுங்க பார்ப்போம்” என்றேன்.

பில்டர் இல்லாமலும் அந்த வண்டி ஓடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வாசலுக்குப் போனார். திறந்திருந்த தொட்டிக்குள் விரலை விட்டு வெற்று இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து, வெறுமையாகவே மூடி, இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

அன்றே அதிகாரியிடம் சொல்லிவிட்டார். பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தவில்லை, மருந்து ஸ்டோருக்குள் மாற்றினார்கள், தற்காலிகமாகவே. அவர் நிரந்தரமாகப் பல வருஷம் ஆனது. திரைத்துணியை வெட்டிப் பிள்ளைக்குத் தொட்டில் விரிப்பு தைத்தேன்.

கடைசிக் கழுவல்

ஆ கிம் எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்த பித்தளையை மாற்றிக் கொடுத்தார். வண்டியை வாங்கச் செமாபோக்கிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருவதாக ஏற்பாடு. அன்று காலை என் வீட்டுக்காரர் கடைசியாக ஒருமுறை பில்டரைக் கழுவினார். அதே டின், அதே தட்டு. பெட்ரோல் பறந்ததும் தட்டை என்னிடம் நீட்டினார்.

“பார்த்துச் சொல்லு.”

கொஞ்சம் கரி. ஓரத்தில் இரண்டே இரண்டு மஞ்சள் துகள். பழசுதான், துணி இழையில் சிக்கிக் கிடந்தது. அவர் முகம் வெளுத்துப்போய் நின்றார். வண்டி போகிற நாளில் நல்ல வார்த்தையாகக் கேட்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது.

“சுத்தமா இருக்குங்க. ஒன்னும் இல்ல.”

அவர் தட்டை வாங்கினார். ஆள்காட்டி விரலைத் தட்டில் வைத்து, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஓரம்வரை மெதுவாகத் தடவினார். ஓர் இடத்தில் நின்றது. இன்னோர் இடத்தில் நின்றது. விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“ரெண்டு இருக்கு.”

“பழசுங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு, அதனாலதான்...”

“நான் வண்டிக்காகக் கேக்கல, சரோ. நான் பொய் சொன்னேன், உன் கண்ணு கண்டுபிடிச்சிடுச்சு. இப்ப நீ சொன்ன பொய்ய, கையில தட்டு இருக்கிறதுனால நானும் கண்டுபிடிச்சேன். கை எட்டாத எடத்துல நீ பொய் சொன்னா, நான் எத வச்சுப் பார்ப்பேன்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

வாத்தியார் வந்ததும் இவரே தட்டைக் காட்டினார். “இதுல ரெண்டு மஞ்சள் இருக்கு சார். பழசுன்னு நினைக்கிறோம். ரெண்டு வாரம் ஓட்டிட்டுக் கழுவிப் பாருங்க.” வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு தட்டோடு வாசலில் வந்து நின்றார். நான்தான் பார்த்துச் சொன்னேன். கரி மட்டும்தான் இருந்தது.

மெர்டேக்கா அன்று பாடாங் மைதானத்துக்குப் போனோம். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். சுற்றிலும் சத்தம். “என்ன தெரியுது, சொல்லு” என்றார். கொடி ஏறியதையும் மேடையையும் வர்ணிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவளுக்குப் பின்வரிசைதான் கிடைத்திருந்தது.

“முதுகு தெரியுது. நிறைய முதுகு. ஒரு ஐஸ்காரர் நிக்கிறாரு.”

“கொடி?”

“கம்பத்து உச்சி தெரியுது. கொடி அந்த ஆளோட தொப்பியில மறையுது.”

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது மகள் பிறந்தாள். வீட்டிலேயே பிரசவம். மீனாச்சி மக்சிக் பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி, அழகு, அழகு என்று மலாயில் கூவினார். மருத்துவச்சி மகாலட்சுமி என்றார். வந்து பார்த்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி ஆள் போனதும் கட்டிலருகே வந்தார்.

“இப்ப நீ சொல்லு. எப்படி இருக்கா?”

நான் பிள்ளையை நன்றாகப் பார்த்தேன். “தலை கொஞ்சம் கோணலா இருக்கு. பத்து நாள்ல சரியாயிடுமாம். நிறம் என் நிறம். இடது காது மடிஞ்சிருக்கு. மூக்கு உங்க மூக்குதான், பெருசு.”

அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். நெற்றியிலிருந்து மெதுவாக இறக்கி மூக்கு நுனியில் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளை தும்மியது.

“பெருசுதான்” என்றார். கண்ணில் நீர் வழிந்தது.

பிறகு தலையைச் சாய்க்காமல், காதைப் பார்க்காமல், நேராக என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். அப்படிப் பார்த்தால் நான் அவருக்குத் தெரிய மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“இன்னும் சொல்லு” என்றார்.